வாயைத் திறக்கச் சொல்லாத மூன்று நாட்கள்

என்னிடம் உள்ள கொப்பிகளில் ஒன்றில் மூன்று பதிவுகள் பொய்யானவை. நாளும் நேரமும் குறித்து நானே எழுதியவை. எழுதும்போது அவை பொய் என்று எனக்குத் தெரியாது என்று பல வருடங்களாக எனக்கே சொல்லிவந்தேன். ஓய்வு பெற்ற பின் பழைய கொப்பிகளை ஆண்டுவாரியாக அடுக்கினேன். எந்த வருடம் மழை முந்தி வந்தது, எந்த நாட்களில் மண் சரிந்து பசறை பஸ் நின்றது, எந்தப் புத்தகத்தை எத்தனை நாளில் வாசித்து முடித்தேன் என்றெல்லாம் அவற்றில் இருக்கும். எல்லாவற்றையும் திரும்ப வாசித்தேன். அந்த ஒன்றை மட்டும் வாசிக்காமல் அடியில் வைத்தேன். இதை எழுதுவதற்காக நேற்றுத்தான் வெளியே எடுத்தேன்.

1994 தை மாதம், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் மருந்தகத்துக்குப் பொறுப்பாளராக வந்தேன். சொந்த ஊர் யாழ்ப்பாணம். நான் டொக்டர் அல்ல. காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் மருந்து கொடுத்து, அதற்கு மிஞ்சியவர்களைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைக்கும் அளவுக்குப் படித்தவன். ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் எல்லாருக்கும் நான் டாக்டரய்யாதான். முதலில் திருத்திப் பார்த்தேன். “அப்ப நாங்க யாரத்தான்யா டாக்டருன்னு கூப்புடுறது?” என்று ஒரு முதியவர் கேட்டார். அதோடு விட்டுவிட்டேன்.

மருந்தகம் ஒரு சரிவில் இருந்தது. அதற்கு நேர் மேலே, சில வரிசைத் தேயிலைக்கு அப்பால், பிள்ளைக்காம்பரா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் ஒற்றை அறைக் கட்டடம் அது. அங்கே ஒரு குழந்தை சிணுங்கினால் இங்கே என் மேசையில் கேட்கும். பனி மூடிய காலைகளில் கட்டடம் தெரியாது. குரல்கள் மட்டும் அந்த வெள்ளைக்குள்ளிருந்து இறங்கி வரும்.

நான் வந்த இரண்டாவது கிழமை, அந்தப் பதிவுகளுக்குரிய பெண்ணும் அவளுடைய தாயும் வந்தார்கள். அவளுக்குப் பதினெட்டு வயது. கொழுந்து பறிக்கப் பெயர் பதிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தாய்தான் பேசினாள். எதைத் தின்றாலும் மூக்கால் வருகிறது, தேத்தண்ணி குடித்தாலும் வருகிறது என்றாள். எவ்வளவு காலமாக என்று நான் மகளிடம் கேட்டேன். அவள் பதில் சொன்னாள். எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன். இரண்டாம் தரம் அவள் சொல்லவில்லை. தாயைப் பார்த்தாள்.

அவள் பிளந்த அண்ணத்தோடு பிறந்தவள். வாய்க்கும் மூக்குக்கும் இடையில் இருக்கும் கூரைதான் அண்ணம். அது பிரிந்திருந்தால் குழந்தையால் பால் உறிஞ்ச முடியாது. வளர்ந்த பிறகு, சொல்லுக்குப் போக வேண்டிய காற்று மூக்கால் போய்விடும். ஆறு வயதில் அதைத் தைத்து மூடியிருந்தார்கள். ஒரு வருடத்துக்குள் ஓரிடத்தில் விட்டுவிட்டது. நான் டோர்ச் அடித்துப் பார்த்தபோது முன்பற்களுக்குப் பின்னால், மேலே, மிளகளவு ஓட்டை ஒன்று இருந்தது. இப்படித் திறந்துகொள்வது யாருடைய பிழையும் அல்ல என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தழும்பான தோல் இழுபடும். அங்கே இரத்தம் குறைவாகத்தான் ஓடும். ஒருமுறை விட்ட இடம் மறுபடியும் விடுவதற்கே பார்த்துக்கொண்டிருக்கும்.

தாய் அப்படி நினைக்கவில்லை. வயிற்றில் இவள் இருந்தபோது கிரகணத்தன்று தெரியாமல் பலாக்காய் அரிந்துவிட்டதாகவும், அந்தக் கத்திதான் பிள்ளையின் வாயில் விழுந்ததாகவும் சொன்னாள். எனக்குத் திகதி என்றால் பைத்தியம். அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தைத் தேடியெடுத்து, அந்த நாளில் உண்மையில் கிரகணம் இருந்ததா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

“வேணாங்கய்யா,” என்றாள். “இருந்திச்சுன்னா நான் பாவி. இல்லேன்னா யாரு மேல சொல்றது?”

நான் பார்க்கவில்லை.

அந்த நாட்களில் இந்த வகை நோயாளரைப் பார்க்க ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் சில மாதங்களுக்கு ஒருமுறை பதுளைக்கு வந்துபோவார். மெதுவாகப் பேசுபவர். பேசும்போது நோயாளியின் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்ப்பவர். 1996 ஆனியில் அவர் அவளுக்கு இரண்டாம் முறை தைத்தார். ஓட்டையைச் சுற்றியுள்ள தோலை மூடி போலப் புரட்டி மூக்குப் பக்கத்தை அடைத்து, அதற்குக் கீழே இன்னொரு படையை இழுத்து வாய்ப்பக்கத்தை மூடினார். இரண்டு கிழமை கஞ்சித் தண்ணீரும் பாலும் மட்டும். பதினெட்டாம் நாள் காலை தாய் மருந்தகத்துக்கு ஓடி வந்தாள். பின்னால் மகள் மெதுவாக வந்தாள். மேலுதட்டில் தேநீர் காய்ந்திருந்தது.

அன்றுதான் அவளுக்கென்று ஒரு கொப்பியில் பக்கம் ஒதுக்கினேன். இரண்டு நிரல்கள் கீறினேன். ஒன்று தைத்த திகதி. மற்றது திறந்த திகதி. ஆறு வயதில் நடந்ததையும் தாயிடம் கேட்டு, மாதமும் வருடமுமாகச் சேர்த்தேன். அவள் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று தலைகீழாக அதை வாசித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவள்.

தைத்தபின் திறக்கும் சிறிய ஓட்டைகளில் சில தானாகச் சுருங்கி மூடுவதும் உண்டு என்று நிபுணர் சொன்னார். அதனால் மாதம் ஒருமுறை அவளைச் சோதித்து எழுதிவைக்கும்படி என்னிடம் கேட்டார். தன் பையிலிருந்து சிறிய வட்டக் கண்ணாடி ஒன்றையும் தந்தார். மூன்று படிகள். முதலில் கண்ணாடியை மூக்கின் கீழே பிடித்து, அவளை நான்கு சொற்கள் சொல்ல வைக்க வேண்டும்: பாப்பா, தாத்தா, காக்கா, சக்கரை. சரியான அண்ணம் உள்ளவர் இந்தச் சொற்களைச் சொல்லும்போது மூக்கால் காற்று வராது. வந்தால் கண்ணாடி மங்கும். இரண்டாவது, தலையைக் குனிந்து ஒரு வாய் தேநீர் விழுங்க வேண்டும். மூன்றாவது, வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மூன்றையும் தனித்தனி வரியாக எழுதுங்கள், ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்காதீர்கள் என்றார். அதையும் நான் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தேன்.

பனி நாட்களில் அந்தச் சோதனை சரிவராது. கண்ணாடி தானே மங்கிவிடும். ஆகவே வெயில் ஏறிய பிறகு, பத்தே கால் மணிக்கு, ஒரு செவ்வாய்க்கிழமையில் வைத்துக்கொண்டேன். ஒரு வருடத்துக்கும் மேலாக ஒவ்வொரு மாதமும் கண்ணாடி மங்கியது. நான்கு சொல்லுக்கும் மங்கியது.

ஓட்டை மூடாது என்று தெரிந்தபின் நிபுணர் மூன்றாவது வழியைச் சொன்னார். நாக்கின் மேற்புறத்திலிருந்து ஒரு பட்டைச் சதையைக் கிளப்பி, அதன் ஒரு முனை நாக்கிலேயே இருக்க, மறு முனையை அண்ணத்து ஓட்டையில் வைத்துத் தைப்பது. மூன்று கிழமை நாக்கும் அண்ணமும் ஒட்டியே இருக்கும். நாக்கிலிருந்து இரத்தம் ஓடி அந்தச் சதை மேலே பிடித்துக்கொண்ட பிறகு, நடுவில் வெட்டிப் பிரிப்பார்கள். அந்த மூன்று கிழமையும் பேச முடியாது என்று அவர் சொன்னதை நான் அவளுக்கு விளக்கினேன்.

“இப்ப மட்டும் பேசிக்கிட்டா இருக்கேன்?” என்றாள். பிறகு சிரித்தாள். ஆனால் அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது பசறை வரும் வரை அவள் வாயைக் கையால் பொத்தியபடியே இருந்ததை நான் கவனித்தேன். 1998 பங்குனியில் அவர் வரும்போது அவளுடைய பெயர் முதலாவது என்று முடிவாயிற்று.

இதற்கிடையில், 1997 ஆடியில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்ட பெண் மகனோடு இருக்கப் போய்விட்டாள். அந்த வேலை யாருக்கு என்று பேச்சு வந்தது. அவள் கேட்டாள். குழந்தைகள் அவளிடம் ஒட்டிக்கொள்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தோட்டத்தை நடத்தும் துரைக்கும் ஆட்சேபம் இல்லை. ஆட்சேபித்தது தாய்மார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அந்தப் பேச்சை நானே கேட்டேன்.

“அவ கிட்ட வுட்டா எம்புள்ள நாளைக்கி மூக்காலதான் பேசும். அம்மான்னு கூட கூப்புடத் தெரியாது,” என்றாள் ஒருத்தி.

“ஒம்புள்ள கூப்புட்டு நீ எப்பத் திரும்பிப் பாத்த?” என்றாள் பக்கத்தில் நின்ற மூத்தவள். எல்லாரும் சிரித்தார்கள். யாரைப் பற்றிய பேச்சோ அவளும் கூடையை இறக்கியபடி சிரித்தாள். உண்மையில் ‘அம்மா’ என்பது மூக்கால் காற்று விட்டுச் சொல்லும் சொல். அது மட்டும் அவளுக்கு என்றும் பிசகியதில்லை.

துரை என்னைக் கூப்பிட்டு, அவளுடைய பேச்சு சீராகி வருகிறது என்று மருந்தகத்திலிருந்து ஒரு கடிதம் தந்தால் வேலையை அவளுக்கே கொடுக்கலாம் என்றார். சீராகினால் தருகிறேன் என்றேன். அவளிடமும் அதைச் சொன்னேன்.

இனி வருவது அந்த மூன்று பதிவுகள்.

1997 புரட்டாதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால். நல்ல வெயில். கண்ணாடியைத் துணியால் துடைத்து மூக்கின் கீழே பிடித்தேன். பாப்பா என்றாள். கண்ணாடியில் என் விரல்கள் தெளிவாகத் தெரிந்தன. தாத்தா என்றாள். காக்கா என்றாள். சக்கரை என்றபோது அந்த இரட்டைக் ககரம் சுள்ளி முறிவது போல ஒலித்தது. வெளியே வரிசையில் நின்ற யாரோ, உள்ளே புதிதாக யார் வந்திருப்பது என்று கேட்டது என் காதில் விழுந்தது. தேநீர் குடிக்கச் சொன்னேன். ஒரு சொட்டும் வரவில்லை. வாயைத் திறக்கச் சொல்ல டோர்ச்சை எடுத்தேன். அண்ணத்தில் புண்ணாக இருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாமே ஐயா என்றாள். நான் டோர்ச்சை வைத்துவிட்டேன்.

ஐப்பசியில் மறுபடியும் கண்ணாடி தெளிவு. மூக்கில் தேநீர் இல்லை. வாந்திபேதி வந்த ஒரு குழந்தையோடு வாசலில் ஆட்கள் நின்றார்கள். வாயைப் பார்க்கவில்லை. கார்த்திகையிலும் கண்ணாடி தெளிவு. தேநீர் இல்லை. அன்று வாசலில் யாரும் இல்லை. அவள் புண் என்றும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். மூன்று முறையும் மூன்றாவது வரியில் நான் எழுதியது: வாய்: மூடியுள்ளது.

முதல் இரண்டு வரிகளும் நான் கண்டவை. மூன்றாவது நான் ஊகித்தது. ஒரு வரியை வெறுமையாக விட என் கைக்கு மனம் வரவில்லை. நாள்குறிப்பு எழுதுபவனுக்கு வெற்றிடம் ஒரு குற்றம் போலத் தெரியும். அதை நிரப்புவதுதான் குற்றம் என்று அப்போது தெரியவில்லை.

கார்த்திகை முடிவதற்குள் துரைக்கு ஒரு கடிதமும் நிபுணருக்கு ஒரு கடிதமும் எழுதினேன். மூன்று மாதப் பதிவுகளையும் பிரதி பண்ணி, ஓட்டை மூடிவிட்டதால் பங்குனியில் அவளுக்குரிய இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்று முடித்தேன். அந்தக் கடைசி வசனத்தை இரண்டு தரம் வாசித்து மகிழ்ந்தது நினைவிருக்கிறது.

மார்கழியில் அவள் பிள்ளைக்காம்பராவுக்குப் போனாள். அந்த ஐந்து மாதங்கள்தான் நான் அந்தக் குரலைக் கேட்டவை. காலையில் பனிக்குள்ளிருந்து அது இறங்கி வரும். குழந்தைகளை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சக்கரக்கட்டி என்பாள், பட்டுக்குட்டி என்பாள், தங்கக்கட்டி என்பாள். ஒவ்வொன்றையும் கடித்து உடைப்பது போலச் சொல்வாள். மருந்து கலக்கிக்கொண்டிருப்பவன் கையை நிறுத்திக் கேட்பேன். பங்குனியில் நிபுணர் பதுளைக்கு வந்தார். அவளுடைய இடத்தில் வேறொரு பிள்ளையைத் தைத்துவிட்டுப் போனார்.

சித்திரையில் தாய்மார் வந்து, பிள்ளைக்காம்பராவில் எலி செத்துக் கிடக்கிறது என்றார்கள். இரண்டு பேர் ஏறிக் கூரைத் தகட்டைக் கழற்றித் தேடினார்கள். தொட்டில்களை வெளியே எடுத்து நிலத்தைக் கழுவினார்கள். அவளும் அவர்களோடு சேர்ந்து மூலை மூலையாகத் தேடினாள். எலி கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்துக் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்க நான் மேலே போனேன். அவள் ஒவ்வொரு குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் பிடித்தாள். அவள் வரும்போது அந்த மணம் வந்தது. அவள் போகும்போது போனது.

அன்று பிற்பகல் மருந்தகத்துக்குக் கூப்பிட்டேன். மூக்கை விரித்து டோர்ச் அடித்தேன். இடது துவாரத்தின் ஆழத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ இருந்தது. இடுக்கியால் இழுத்தேன். கடலையளவு, கல்லுப் போல. அவள் அழவில்லை. கண்ணிலிருந்து தானாக நீர் வழிந்தது. அந்தக் கல்லைக் கிண்ணத்தில் போட்டுச் சுடுநீர் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் ஓரம் கரைந்து வெள்ளையாகப் பரவியது. கோதுமை மா. என் வீட்டிலும் காலையில் அதே மாவில்தான் ரொட்டி சுட்டிருந்தேன்.

“வாயைத் திறவும் பிள்ளை,” என்றேன். அவளிடம் அதைச் சொல்லி எட்டு மாதம் ஆகியிருந்தது.

அவள் திறக்கவில்லை. முகத்தைத் திருப்பி, நாக்கால் எதையோ நெம்பி, உள்ளங்கையில் துப்பினாள். புதிய உருண்டை, இன்னும் ஈரமாக. பிறகு வாயைத் திறந்தாள். மிளகளவு இருந்த ஓட்டை பட்டாணியளவு ஆகியிருந்தது.

ரொட்டிக்குப் பிசைந்த மாவில் கொஞ்சம் கிள்ளி, தேங்காயெண்ணெய் தடவி, அரைவேக்காடாகச் சுட்டு வைத்துக்கொள்வாளாம். விடியற்காலையில் அடைத்தால் மத்தியானம் வரை தாங்குமாம். அதற்காகப் பகலில் எதுவும் சாப்பிடுவதில்லையாம். ஒரு நாள் தும்மியபோது ஓர் உருண்டை மேலே போய்விட்டது. வெளியே வந்து எங்கோ விழுந்திருக்கும் என்று நினைத்திருக்கிறாள். இதையெல்லாம் பழைய குரலில் சொன்னாள். மேலே சக்கரக்கட்டி என்று கூப்பிட்ட குரல் என் கண் முன்னால் அவளுடைய உள்ளங்கையில் கிடந்தது.

“ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்க கேக்கலீங்களேய்யா. கண்ணாடியத்தான கேட்டீங்க.”

அவள் மேசையில் இருந்த கொப்பியைப் பார்த்தாள்.

“அதுல தச்ச தேதி இருக்கு, தொறந்த தேதி இருக்கு. மூடியிருந்த தேதின்னு ஒண்ணும் இல்ல. ஒரு வாட்டியாவது அத ஒங்கள எழுத வைக்கணும்னு நெனச்சேன். எழுதுனதும் எனக்கே நெசமாத்தான் தோணிச்சு.”

வேலை போயிற்று. மூக்குச் சுத்தமான பின்னும் அந்த மணத்தைத் தாய்மார் மறக்கவில்லை. அவள் மறுபடியும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனாள். நான் நிபுணருக்கு எழுதினேன். நோயாளி உண்மையை மறைத்துவிட்டார் என்று எழுதினேன். நான் வாயைப் பார்க்கவில்லை என்று எழுதவில்லை. பதில் வரச் சில மாதங்கள் ஆயின. அவர் பதுளைக்கு வருவது நின்றுவிட்டதாகவும், கொழும்பில் பெயரைப் பதிந்து காத்திருக்க வேண்டும் என்றும் இருந்தது. காத்திருப்பு மூன்று வருடம் நீண்டது.

பிள்ளைக்காம்பராவுக்கு வேறொரு பெண் வந்தாள். பேச்சு குறைவானவள். ஆனால் பனி இறங்கிய காலைகளில் எனக்கு மேலேயிருந்து சக்கரக்கட்டி என்று கேட்கும். இரட்டைக் ககரம் முறிவது வரை கேட்கும். வெளியே வந்து நிற்பேன். பிறகு ஒன்றும் இருக்காது. ஒருமுறை மேலே ஏறிப் போய், இப்போது யாரைக் கூப்பிட்டீர்கள் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். எல்லாம் தூங்குதுங்களே ஐயா, யாரைக் கூப்பிடுவது என்றாள். காது இப்படி ஏமாற்றும் என்று நான் வாசித்திருக்கிறேன். விளக்கமும் தெரியும். இருந்தும் அந்த நாட்களைக் குறித்துவைத்தேன். மூன்று வருடத்தில் ஒன்பது. அவற்றில் சில நாட்களில் அவள் அடுத்த மலையில், என் கண்ணுக்கெட்டும் தூரத்தில், வாயை மூடிக்கொண்டு கொழுந்து பறித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

2001இல் அழைப்பு வந்தது. தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போனேன். கொப்பியையும் எடுத்துப்போனேன். நிபுணர் அதே ஆள்தான். தலை நரைத்திருந்தது. முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். அந்த மூன்று பதிவுகளுக்கு வந்ததும் மூன்றாவது வரியில் விரலை வைத்து, வாயைப் பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அதை ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் இன்னொரு தரம் வாசித்தார். பிறகு, டொக்டர்களான தாங்களே சில வேளை ஓட்டையைச் சுவிங்கத்தால் அடைத்துவிட்டுப் பேசச் சொல்லிப் பார்ப்பதுண்டு என்றார். குரல் தெளிந்தால், மூடுவதில் பலன் இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சோதனையை இந்தப் பெண் மாதக்கணக்கில் தானே செய்திருக்கிறாள். நீங்கள் நாளும் நேரமும் குறித்து எழுதியிருக்கிறீர்கள். இதைக் கோடு கீறி அடிக்காதீர்கள். ஆனால் அன்றே தைத்திருந்தால் ஓட்டை இதைவிடச் சிறியது என்றும் சொன்னார். கோபமில்லாமல் சொன்னார். கோபித்திருக்கலாம்.

நாக்கிலிருந்து சதை எடுத்துத் தைத்தார்கள். இரண்டாவது கிழமை நான் பார்க்கப் போனேன். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். வாய் மூடியிருந்தது. தாய் ஊசிக்குழலால் கடைவாய் வழியாகப் பாலை விட்டுக்கொண்டிருந்தாள். “நம்ம மாரியம்மனுக்கு வாய்ப்பூட்டு போடுறவங்க கூட அன்னைக்கே கழட்டிருவாங்க,” என்றாள் தாய் என்னிடம். “இவளுக்கு மூணு வாரம்.”

மகள் கையை நீட்டினாள். என்ன வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. கொப்பியைக் கொடுத்தேன். அவளுடைய பக்கத்தை முதல் தடவையாக நேராக வைத்து வாசித்தாள். மூன்று பதிவுகளையும் தொட்டு, காற்றில் கோடு இழுத்துக் காட்டினாள். ஏன் அடிக்கவில்லை என்று கேட்கிறாள். டொக்டர் அடிக்கவேண்டாம் என்றார் என்றேன். என் சட்டைப்பையைக் காட்டினாள். பேனையைக் கொடுத்தேன். ‘வாய்: மூடியுள்ளது’ என்ற மூன்று இடங்களுக்கும் பக்கத்தில், வட்டமான பள்ளிக்கூட எழுத்தில், மாவு, மாவு, மாவு என்று எழுதிவிட்டுப் பேனையை மூடித் தந்தாள்.

நேற்றுப் பார்த்தேன். மை மங்கவில்லை.

அந்தச் சதையை வெட்டிப் பிரித்து, ஊர் திரும்பி, நான்கு மாதம் போயிற்று. கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு புத்தகக் கடையில் வாங்கிய தடித்த நூலொன்றை அந்த வாரம் வாசித்துக்கொண்டிருந்தேன் என்று கொப்பி சொல்கிறது. செவ்வாய்க்கிழமை, பத்தே கால். நான் வரச் சொல்லவில்லை. அவளாகவே வந்தாள். நல்ல சீலை கட்டியிருந்தாள். வெயில் மேசையில் விழுந்திருந்தது. நான் இழுப்பறையைத் திறந்து கண்ணாடியைத் தேடினேன்.

“கண்ணாடி வேணாங்கய்யா,” என்றாள். “சும்மா கேளுங்க.”

உட்காராமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னாள். பாப்பா. தாத்தா. காக்கா. சக்கரை. பிறகு நான் கேட்காததையும் சொன்னாள்: பட்டுக்குட்டி, தங்கக்கட்டி, சக்கரக்கட்டி. நாக்கு கொஞ்சம் தடித்து, எழுத்துகள் முன்பைவிட மெதுவாக வந்தன. ஆனால் அது அந்தக் குரல்தான். பனிக்குள்ளிருந்து மூன்று வருடம் என்னைக் கூப்பிட்டது, வெயிலில், மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பேசியது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள்.

நான் டோர்ச்சை எடுத்தேன்.

“வாயைத் திறவும் பிள்ளை.”

அவள் முகத்திலிருந்து ஏதோ இறங்கிப் போனதைக் கண்டேன். கண்டும் கையை இறக்கவில்லை. அவள் மேசையைச் சுற்றி வந்து, வெளிச்சம் படும்படி தலையைப் பின்னால் சாய்த்து, அகலமாகத் திறந்தாள். நான் தேடியது வெள்ளையாக ஏதாவது. அங்கே நாக்கின் சொரசொரப்போடு ஒரு இளஞ்சிவப்புச் சதைத்திட்டு, ஓட்டை இருந்த இடத்தில் பிடித்துக்கொண்டு, ஈரமாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. நான் உடனே டோர்ச்சை அணைத்திருக்கலாம். இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் பார்த்த பிறகுதான் அணைத்தேன்.

அவள் வாயை மூடினாள்.

“பாத்துட்டீங்களாய்யா?” என்றாள். “மாவு இல்ல.”

அவ்வளவுதான் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. படியிறங்கிப் போய்விட்டாள். அதன் பிறகு மருந்தகத்துக்கு அவள் தனியாக வந்ததில்லை. காய்ச்சல் என்றாலும் பசறைக்குப் போனதாகத் தாய் சொன்னாள். அடுத்த வருடம் கல்யாணமாகி ஹாலிஎலப் பக்கம் போனாள். 2006இல் நான் தோட்டத்தை விட்டு வரும்வரை ஓட்டை திறந்ததாகத் தகவல் இல்லை. அவளுடைய பக்கத்தில், கடைசியாகத் தைத்த திகதிக்கு எதிரே, திறந்த திகதி நிரல் வெறுமையாக இருக்கிறது. அதை நான் நிரப்பவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைப் பதிவு மட்டும் முழுமையாக இருக்கிறது. கண்ணாடி: பார்க்கவில்லை. தேநீர்: பார்க்கவில்லை. வாய்: பார்த்தேன், மூடியுள்ளது. மூன்று வரியும் உண்மை.

இப்போது நான் இருக்கும் இடத்தில் பனி இறங்குவதில்லை. குழந்தைகளும் பக்கத்தில் இல்லை. ஆனாலும் வெயில் உள்ள காலைகளில், பத்து மணி கடந்ததும், அந்தக் குரல் வருகிறது. சக்கரக்கட்டி என்று கூப்பிடுவது எப்போதோ நின்றுவிட்டது. ஒவ்வொரு எழுத்தும் பிசகாமல், பாத்துட்டீங்களாய்யா என்றுதான் கேட்கிறது.